பஸ் ஓட்டுநர்கள் வாழ்க்கை ஊதியம் கேட்கும்போது பயணிகள் எங்கே, எப்படித் துணை நிற்பது?

கேள்வி இது: "நாங்கள் தினமும் ஏறும் உள்ளூர் பஸ்களின் ஓட்டுநர்கள் வாழ்க்கை ஊதியம் கேட்டுப் போராடத் தயாராகிறார்கள். பயணிகள் நாங்கள் துணை நிற்க விரும்புகிறோம். கையெழுத்து வாங்குவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்? அவர்களுக்கே வம்பாக முடியாமல் எப்படிச் செய்வது?"

கையெழுத்து வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு டூட்டி சீட்டை, அதாவது ஓட்டுநரின் அன்றைய வேலை நேரங்கள் குறித்த தாளை, படிக்கப் பழகுங்கள். அடுத்து, அந்தச் சம்பளம் உண்மையில் யார் கையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் பேசப் போனால், "மணிக்கு இவ்வளவு கொடுக்கிறோமே, மற்ற வேலைகளை விட அதிகம்தானே" என்ற ஒரே வாக்கியத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வாக்கியம் பொய்யாகக்கூட இருக்காது. ஓட்டுநரின் ஊதியம் கரைவது ஒரு மணிக்கான தொகையில் இல்லை, கணக்கில் வராத மணிகளில்.

ஒரு ஸ்பிளிட் டூட்டியை, அதாவது நடுவில் நீண்ட இடைவெளி விட்டு இரண்டாகப் பிரித்த ஒரு நாள் வேலையை, எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் காலையில் ஒரு நெரிசல், மாலையில் ஒரு நெரிசல் என்று ஓடும் எந்த ஊரிலும் டூட்டியின் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காலை 5.10-க்கு டிப்போவில் கையெழுத்து. டயர், பிரேக் காற்றழுத்தம், விளக்குகள், கதவு, கண்ணாடி, தீயணைப்பான் எல்லாம் பார்த்துப் பதிவேட்டில் எழுத 20 நிமிடம். 5.30-க்கு வண்டி வெளியே வருகிறது. 9.30-க்கு இறக்கிவிடுகிறார்கள். மதியம் 3 மணிக்கு மறுபடி ஏற வேண்டும். இரவு 7 மணிக்குக் கடைசி ட்ரிப் முடிகிறது. அதற்குப் பிறகு எரிபொருள் நிரப்பவோ சார்ஜில் போடவோ, கலெக்‌ஷனை ஒப்படைக்க, பழுது எழுதி வைக்க, வண்டியை வரிசையில் நிறுத்த இன்னொரு அரை மணி நேரம். வீட்டுக்குக் கிளம்பும்போது 7.30.

சம்பளம் ஓட்டிய நேரத்துக்குத்தான் என்றால் காலையில் 4 மணி நேரம், மாலையில் 4 மணி நேரம், ஆக 8 மணி நேரம். மணிக்கு 100 என்று வைத்தால் அன்றைய சம்பளம் 800. வேலை செய்த நேரமோ 8 மணி 50 நிமிடம். அப்படிப் பார்த்தால் மணிக்கு 90.6. கையெழுத்துப் போட்டதிலிருந்து கிளம்பும் வரை அவர் வேலைக்குக் கட்டுப்பட்டிருந்தது 14 மணி 20 நிமிடம். அந்தக் கணக்கில் மணிக்கு 55.8. அறிவிப்புப் பலகையில் 100. அவர் வாழ்க்கையில் 56.

இடையில் கிடக்கும் ஐந்தரை மணி நேரம் அவருடைய சொந்த நேரம்தானே என்று கேட்பார்கள். வீடு டிப்போவிலிருந்து ஒரு மணி தூரம் என்றால் போக வர இரண்டு மணி நேரம் போய்விடும். மிச்சம் மூன்றரை மணி. அதில் வேறு வேலைக்குப் போக முடியாது. மாலை நெரிசலில் ஐம்பது அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிற ஒருவர் அப்போது தூங்க வேண்டும். டிப்போவில் ஓய்வறை இல்லாத இடங்களில் நிறுத்தி வைத்த வண்டியின் கடைசி இருக்கையில் படுத்துக்கொள்கிறார்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது தூக்கமே இல்லை.

அதே டூட்டியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. இரவு 7.30-லிருந்து மறுநாள் 5.10 வரை எண்ணுங்கள்: 9 மணி 40 நிமிடம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 153-ஆவது உடன்படிக்கை, 1979-இல் சாலைப் போக்குவரத்துக்கென்றே வந்தது. தினசரி ஓய்வு தொடர்ச்சியாக 10 மணி நேரம், ஓட்டும் நேரம் ஓவர்டைம் உட்பட நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதெல்லாம் அதில் உள்ளவை. ஓய்வைச் சராசரியாகக் கணக்கிட இடம் உண்டு, ஆனால் 8 மணிக்குக் கீழே இறங்கக் கூடாது. இதை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடுகள் மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006-ஆம் ஆண்டின் 561-ஆவது விதிமுறை நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை என்கிறது. அதிலும் 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட வழக்கமான தடங்களுக்கு விலக்கு. அதாவது உள்ளூர் பஸ் ஓட்டுநருக்கு அது பொருந்தாது. லாரிக்கும் நெடுந்தூரப் பேருந்துக்கும் எழுதிய பாதுகாப்பு, ஐந்நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம் நிற்கிறவருக்கு இல்லை. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தில் "ஓட்டுநர்" என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். விலக்கு எங்கே இருக்கிறது என்று அந்தச் சட்டத்தின் அடுத்த பத்தியையும் படியுங்கள்.

இப்போது கடைசி நிறுத்தத்துக்கு வருவோம். பயணிகள் நேரடியாகப் பார்க்கக்கூடிய, வெளியில் அதிகம் பேசப்படாத இடம் அது. ஒரு தடத்தில் போக 60 நிமிடம், வர 60 நிமிடம், இரு முனையிலும் 6 நிமிடம் நிற்கும் நேரம் என்றால் ஒரு முழுச் சுற்று 132 நிமிடம். 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 132-ஐ 12-ஆல் வகுத்தால் 11 வண்டி வேண்டும். அந்த ஆறாறு நிமிடத்தை எடுத்துவிட்டால் சுற்று 120. வண்டி 10 போதும். ஒரு வண்டி, அதற்குரிய இரண்டு மூன்று ஓட்டுநர்கள், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் மிச்சம். பயணிக்கு அட்டவணையில் எந்த மாற்றமும் தெரியாது, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது அப்படியே இருக்கும். சிக்கனம் மொத்தமும் ஓட்டுநரின் சிறுநீர்ப்பையிலிருந்தும் முதுகெலும்பிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும். பெண் ஓட்டுநர்கள் வேலைக்கு வந்து, பிறகு விட்டுப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். கழிப்பறை இல்லாத முனையும், அங்கே போக நேரம் தராத அட்டவணையும் சேர்ந்து தண்ணீர் குடிப்பதையே குறைக்க வைக்கின்றன.

பாதி வழியில் ஒரு சிக்னல் கூடுதலாக வந்தால், ஒரு சக்கர நாற்காலிப் பயணியை ஏற்ற மூன்று நிமிடம் ஆனால், அந்த 6 நிமிடம்தான் முதலில் கரையும். அதனால் அதை "ஓய்வு" என்று நிர்வாகம் எழுதி வைத்திருந்தாலும் நடைமுறையில் அது தாமதத்தைச் சரிக்கட்டும் நேரம். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதி இரண்டு முறை கணக்குக் காட்டுவது வழக்கமாகச் செய்யப்படும் தவறு.

நீங்கள் செய்யக்கூடியது: கடைசி நிறுத்தத்தில் மூன்று வேலை நாள், காலை நெரிசலில் இரண்டு மணி நேரம், ஒரு நோட்டோடு உட்காருங்கள். வர வேண்டிய நேரம், வந்த நேரம், கிளம்ப வேண்டிய நேரம், கிளம்பிய நேரம் என நான்கே பத்தி. இருபது ட்ரிப்பாவது சேர வேண்டும். எத்தனை ட்ரிப்பில் நிற்கும் நேரம் பூஜ்யமானது, எத்தனையில் பயண நேரத்தின் பத்தில் ஒரு பங்காவது மிஞ்சியது என்று எண்ணுங்கள். கழிப்பறை எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, அது பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். பஸ் எண்ணை எழுத வேண்டாம். காரணம் பின்னால் சொல்கிறேன். "ஓட்டுநர்கள் பாவம்" என்று ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவை விட, "இருபது ட்ரிப்பில் பதினாலில் ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை" என்று ஒரு பயணி கொண்டுவரும் தாள் அதிகாரிகளை அதிகம் சங்கடப்படுத்தும். அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, வாழ்க்கை ஊதியம் என்றால் என்ன என்பது. குறைந்தபட்ச ஊதியமும் இதுவும் ஒன்றல்ல. குறைந்தபட்ச ஊதியம் சட்டம் வைக்கும் தரை. வாழ்க்கை ஊதியம் ஒரு குடும்பம் கண்ணியமாக வாழ என்ன வேண்டும் என்று செலவிலிருந்து மேலே ஏறி வரும் கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919-ஆம் ஆண்டு சாசன முன்னுரையிலேயே அந்தச் சொல் இருக்கிறது, ஆனால் அதற்கு அந்த அமைப்பு ஒப்புக்கொண்ட விளக்கம் வந்தது 2024-இல்தான். அந்த விளக்கத்தில் நீங்கள் அடிக்கோடிட வேண்டிய ஒரு பகுதி உண்டு: அந்த ஊதியம் வழக்கமான வேலை நேரத்தில் செய்த வேலைக்குக் கிடைக்க வேண்டும். ஓவர்டைம் சேர்த்து எட்டினால் அது வாழ்க்கை ஊதியம் இல்லை. பஸ் தொழிலில் இதுதான் சண்டையின் மையம். ஏனென்றால் நிர்வாகம் காட்டும் "சராசரி மாத வருமானம்" பெரும்பாலும் ஓவர்டைம், பேட்டா, வார விடுப்பு நாளில் வந்து ஓட்டியது எல்லாம் சேர்த்த தொகை. அதைக் காட்டினால் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எத்தனை மணி நேரத்துக்கு?

கணக்கு போடும் முறையில் பரவலாகப் பயன்படுவது ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுத்தது. படிகள் எளிமையானவை, பிசகுவது நடுவில். குடும்ப அளவை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு சத்தான உணவின் செலவு, ஓரளவு நல்ல வீட்டின் வாடகையும் மின்சாரம் தண்ணீரும், மற்றவை (மருத்துவம், படிப்பு, துணி, போக்குவரத்து) என மூன்றாகக் கூட்ட வேண்டும். உணவு 40, வீடு 25, மற்றவை 30 என்றால் மொத்தம் 95. எதிர்பாராத செலவுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 99.75. குடும்பத்தில் சம்பாதிப்பவர் சராசரியாக 1.6 முழுநேர ஆள் என்றால் அதால் வகுக்க 62.3. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம் போகும் என்றால் 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 69.3. நிறையப் பேர் இங்கே 62.3-உடன் 10 சதவீதத்தைக் கூட்டி 68.6 என்று எழுதிவிடுகிறார்கள். 68.6-இல் 10 சதவீதம் பிடித்தால் கையில் வருவது 61.7, தேவைக்குக் கீழே. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த் தரப்பு கணக்கர் முதலில் பிடிப்பது இந்த மாதிரி ஓட்டையைத்தான். பிடித்துவிட்டால் மீதிக் கணக்கு முழுதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இன்னொரு பிசகு அந்த 1.6-இல் வரும். ஊரில் வேலைக்குப் போகிறவர்களின் விகிதத்தை அப்படியே போட்டுவிடுவார்கள். அதிகாலை 5.10-க்குக் கையெழுத்திட்டு இரவு 7.30-க்குக் கிளம்பும் ஒருவரின் துணைவரோ துணைவியோ குழந்தையைப் பள்ளிக்கு விட்டு அழைத்து வர வேண்டும், அவரால் முழுநேர வேலைக்குப் போக முடியாது. ஸ்பிளிட் டூட்டி அந்த வீட்டின் இரண்டாவது சம்பளத்தையும் வெட்டுகிறது. 1.6-க்குப் பதில் 1.3 போட்டுப் பாருங்கள்: 99.75-ஐ 1.3-ஆல் வகுத்தால் 76.7, பிடித்தம் சேர்த்தால் 85.3. வேலை நேரத்தைப் பற்றிப் பேசாமல் ஊதியத்தைப் பற்றிப் பேச முடியாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இனி பணம் யாருடையது என்பது. பஸ்ஸின் மேல் எழுதியிருக்கும் பெயர் முதலாளியின் பெயராக இருக்க வேண்டியதில்லை. அரசோ நகராட்சியோ நேரடியாக நடத்தலாம். அல்லது தனியார் நிறுவனத்துக்கு டெண்டர் மூலம் கொடுத்திருக்கலாம். டெண்டரிலும் இரண்டு வகை முக்கியம். ஒன்றில் டிக்கெட் பணம் முழுதும் அரசுக்கு, நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு. மற்றதில் டிக்கெட் பணம் நிறுவனத்துக்கே, வருமானம் குறைந்தால் நஷ்டமும் அதற்கே. மூன்றாவது வகை சட்டப் புத்தகத்தில் இருக்காது, தெருவில் இருக்கும்: ஓட்டுநர் உரிமையாளருக்கு நாள் வாடகை கொடுத்துவிட்டு, எரிபொருள் போக மீதியை எடுத்துக்கொள்வது. கென்யாவின் நைரோபியில் மடாட்டு எனப்படும் தனியார் சிற்றுந்துகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடி வந்திருக்கின்றன.

எந்த வகை என்பதைப் பொறுத்து உங்கள் மனு போக வேண்டிய விலாசமே மாறும். கிலோமீட்டர் கணக்கில் பணம் வாங்கும் நிறுவனத்தின் வாசலில் நின்று கோஷம் போட்டால், "எங்களுக்குக் கிடைப்பதே இவ்வளவுதான்" என்று ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். அதில் உண்மையும் இருக்கலாம். ஒப்பந்தத்தில் விலை உயர்வுக்கு ஏற்பத் தொகையை மாற்றும் பிரிவைத் தேடுங்கள். எரிபொருள் விலை ஏறினால் கிலோமீட்டர் தொகையும் ஏறும் என்று இருக்கும். ஊதியம் ஏறினால் என்ன ஆகும் என்று இருக்காது, அல்லது பொதுவான விலைவாசிக் குறியீட்டோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் ஐந்து, ஏழு வருடம் முன்பு குறைந்த விலை கேட்டு ஜெயித்த நிறுவனம், தன் லாபத்தைக் காப்பாற்றிக்கொள்ள அசைக்கக்கூடிய ஒரே செலவு ஓட்டுநர்தான். அபராதப் பிரிவையும் பாருங்கள். தாமதத்துக்கும் விடுபட்ட ட்ரிப்புக்கும் அரசு நிறுவனத்தின் தொகையில் பிடிக்கிறது, சில நிறுவனங்கள் அதை அப்படியே ஓட்டுநர் சம்பளத்தில் இறக்குகின்றன. சாலை நெரிசலுக்கு ஓட்டுநர் அபராதம் கட்டுவது அநியாயம் என்று சொல்ல யாருக்கும் தயக்கம் வேண்டாம்.

வருமானத்தை ஆள் எண்ணிக்கையோடு கட்டினால் என்ன நடக்கும் என்பதற்குக் கொலம்பியாவின் பொகோட்டா நல்ல சாட்சி. அங்கே ஓட்டுநர்கள் ஒரே பயணிக்காகச் சாலையில் முந்திக்கொண்டதற்கு மக்கள் வைத்த பெயர் "காசுப் போர்". சிலியின் சான்டியாகோவில் 2007-இல் புதிய போக்குவரத்து முறை வரும் வரை டிக்கெட் எண்ணிக்கையே ஓட்டுநரின் கூலியைத் தீர்மானித்தது, விளைவும் அதேதான். ஓட்டுநர் வேகமாக ஓட்டுகிறார், நிறுத்தத்தில் நிற்கவில்லை, முதியவர் உட்காரும் முன் எடுத்துவிட்டார் என்று புகார் எழுதும் பயணிகள், அவருக்கு எப்படிக் கூலி கொடுக்கிறார்கள் என்றும் ஒரு வரி கேட்டால் நன்றாக இருக்கும். பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே 1986-இல் பஸ் சேவை போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓட்டுநர் ஊதியம் மற்ற தொழில்களை விடப் பின்தங்கிப் போனதும் இந்த வரிசையில்தான் சேரும்.

இதற்கு மருந்து டெண்டரிலேயே இருக்கிறது. அரசு ஒப்பந்தங்களில் தொழிலாளர் பிரிவு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 94-ஆவது உடன்படிக்கை 1949-லேயே சொன்னது: பொதுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு, அதே வட்டாரத்தில் அதே தொழிலில் நிலவும் ஊதியத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1994-இல், நகர ஒப்பந்ததாரர்கள் வாழ்க்கை ஊதியம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. தேவாலயங்களும் தொழிற்சங்கமும் சேர்ந்து கேட்டதால் கிடைத்தது அது. 2001-இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய வாழ்க்கை ஊதிய இயக்கத்தின் பலமும் தொழிலாளர்களோடு வட்டார மக்களும் சேர்ந்ததுதான். பயணிகளின் குரல் நன்றாகக் கேட்கும் இடமும் இதுவே. வேலைநிறுத்த நாளில் நூறு பேர் வருவது நல்லது. டெண்டர் ஆவணம் வரைவாக இருக்கும்போது பத்துப் பேர் எழுதுவது அதை விடப் பலன் தரும். நடப்பு ஒப்பந்தம் முடியும் தேதியைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். ஏலம் திறந்த பிறகு யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள்.

கேட்க வேண்டிய வாசகத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: "ஏலம் கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஓட்டுநரின் அடிப்படை ஊதியம், வண்டி பரிசோதனைக்கும் ஒப்படைப்புக்கும் சம்பளம் உள்ள நேரம், ஒரு டூட்டியின் அதிகபட்ச நீளம், ஒவ்வொரு முனையிலும் குறைந்தபட்ச நிற்கும் நேரம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். குறிப்பிட்ட ஊதியத்துக்குக் கீழே உள்ள ஏலம் விலை பார்க்காமலே நிராகரிக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் ஊதியக் குறியீட்டின்படி கிலோமீட்டர் தொகை மாற வேண்டும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் முதல் ஆண்டு கிடைத்தது மூன்றாம் ஆண்டில் தேய்ந்துவிடும்.

"சம்பளம் ஏற்றினால் டிக்கெட் விலை ஏறும்" என்ற பேச்சு கண்டிப்பாக வரும். மழுப்பாமல் கணக்குச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பஸ்ஸில் 40 பேர் ஏறுகிறார்கள், ஓட்டுநருக்கு மணிக்கு 20 கூட்டிக் கொடுத்தால் ஒரு பயணிக்கு 0.5. கூட்டம் குறைந்து 25 பேர் என்றாலும் 0.8. அல்லது இப்படி: கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 100, அதில் ஓட்டுநர் பங்கு 35 என்றால் 20 சதவீத ஊதிய உயர்வு மொத்தச் செலவைக் கூட்டுவது 7 சதவீதம். உங்கள் ஊரின் உண்மையான எண்களை நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலோ, தகவல் கேட்டு மனு போட்டோ எடுத்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள். அந்த 7-ஐ முழுதும் டிக்கெட்டில் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆள் இல்லாமல் ரத்தாகும் ட்ரிப், வேலையை விட்டுப் போனவருக்குப் பதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் செலவு, களைப்பில் நடக்கும் சிறு மோதல்களின் பழுதுச் செலவு இவையெல்லாம் இப்போதே யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வராத பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நிற்பவரும் அதில் ஒருவர்.

இப்போது, துணை நிற்கப் போய் ஓட்டுநரை மாட்டிவிடாமல் இருப்பது. நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகளில் முதலாவது வீடியோ. ஓட்டுநர் தன் கஷ்டத்தைச் சொல்வதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள், மூன்றாம் நாள் அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். முகத்தை மறைத்தாலும் பயன் இல்லை. தடம், தேதி, நேரம் இருந்தால் டூட்டி ரிஜிஸ்டரில் ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். பஸ் எண்ணை எழுத வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். டூட்டி சீட்டின் போட்டோ யாராவது கொடுத்தால் அதை அப்படியே வெளியிடாதீர்கள். டூட்டி எண், பணியாளர் எண், கையெழுத்து நேரம் மூன்றையும் நீக்கி, நேரங்களை மட்டும் வேறு தாளில் தட்டச்சு செய்யுங்கள். நன்றாக நடந்துகொண்ட ஓட்டுநரைப் பாராட்டி எழுதும் கடிதத்தில் பெயர் இருக்கலாம், அதே கடிதத்தில் ஊதியக் கோரிக்கையைக் கலக்காதீர்கள்.

ஓட்டும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்ததே. கடைசி நிறுத்தத்தில் அந்த ஆறு நிமிடத்தையும் நாம் எடுத்துக்கொள்வது அதற்குக் குறைந்த தவறில்லை. பேச வேண்டுமானால் சங்கத்தின் நிர்வாகிகள் மூலம், டூட்டி இல்லாத நேரத்தில், டிப்போவுக்கு வெளியே. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால் எல்லாரிடமும் பேசுங்கள். ஒரு சங்கத்தின் கொடியைப் பயணிகள் பிடித்துவிட்டால் மற்ற சங்கத்து ஓட்டுநர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒப்பந்த ஓட்டுநர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லாமல் இருக்கலாம். அவர்கள்தான் மிகக் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்கள், கோரிக்கைப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

பொதுக்கூட்டத்தில் பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். நான் இந்தத் தடத்தில் வாரத்துக்கு இத்தனை முறை போகிறேன், நான் எண்ணிப் பார்த்தது இது, நான் கேட்பது இந்த ஒன்று. அதோடு உட்காருங்கள். ஐந்து பேர் பேசினால் ஐந்து பேரும் வேறு வேறு தடத்தின் எண்களோடு போங்கள். மாலைப் பணிக்குப் போகும் செவிலியர், கல்லூரி மாணவர், பள்ளிக் குழந்தையின் பெற்றோர் பேசுவது எடுபடும். ஓட்டுநரின் குடும்பத்தார் பேச முன்வந்தால் அவர்களுக்கு உங்கள் நேரத்தைக் கொடுங்கள்.

வேலைநிறுத்தம் வந்துவிட்டால், முதலில் நோட்டீஸ் சட்டப்படி கொடுக்கப்பட்டதா, எந்த நாள், எந்தத் தடங்கள் என்பதைச் சங்கத்திடமே தெரிந்துகொண்டு பயணிகளுக்குச் சொல்லுங்கள். வதந்தி பரவினால் கோபம் ஓட்டுநர் மேல்தான் திரும்பும். நாள் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் பஸ் இல்லை என்றால் அன்றைய வருமானமே இல்லை. அவரிடம் போய் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்வது முறையல்ல. டயாலிசிஸ் போகிறவர்கள், தேர்வு எழுதுகிறவர்கள், இரவுப் பணி முடிந்து வருகிறவர்கள் ஆகியோரின் பட்டியல் எடுத்து, சொந்த வண்டி உள்ளவர்களோடு இணைத்துவிடுங்கள். இதைத் தொடங்கும் முன் சங்கத்தோடு பேசிவிடுங்கள். நோயாளியை ஏற்றிச் செல்வதை எந்த ஓட்டுநரும் எதிர்க்க மாட்டார். ஆனால் மாற்று பஸ் ஏற்பாடு செய்து தடத்தையே ஓட்ட ஆரம்பித்தால் நீங்கள் யார் பக்கம் என்பது மாறிவிடும். பண உதவியைத் தனி ஆள் கையில் கொடுக்காமல், சங்கத்தின் போராட்ட நிதியில் ரசீதோடு கொடுங்கள்.

2018-இல் ஜப்பானின் ஒகயாமாவில் ஓட்டுநர்கள் வேலைப் பாதுகாப்பு கோரிப் போராடியபோது பஸ்களை நிறுத்தவில்லை. கட்டணப் பெட்டியைத் துணியால் மூடிவிட்டு வழக்கம்போல் ஓட்டினார்கள், பயணிகள் இலவசமாகப் போனார்கள். அருமையான யோசனை, அதனால்தான் எச்சரிக்கையும் வேண்டும். பல நாடுகளில் இது ஒப்பந்த மீறலாகக் கருதப்பட்டு வேலை போகலாம். முடிவு எடுக்க வேண்டியது ஓட்டுநர்கள். பயணிகள் தாங்களாகவே "ஆதரவாக" டிக்கெட் எடுக்காமல் இருந்தால் பரிசோதகர் வரும்போது மாட்டிக்கொள்வது பணியில் இருப்பவர்தான்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், நீங்கள் கலையாதீர்கள். உயர்வு அடிப்படை ஊதியத்திலா, பேட்டாவிலா என்று பாருங்கள். பேட்டா ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராது, விடுப்பு எடுத்த நாளில் வராது. மூன்று வருடத்துக்கு மொத்தம் 12 சதவீதம் என்று கேட்க நன்றாக இருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் மூன்று வருடத்தில் 15.8 சதவீதம், அதாவது கையில் மிஞ்சும் மதிப்பு 3 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். புதிதாகச் சேர்பவர்களுக்கு வேறு அளவு என்று ஒரு வரி இருந்தால், இன்னும் சில வருடத்தில் ஒரே இருக்கையில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இருக்கும். நிலுவைத் தொகை எந்தத் தேதியிலிருந்து என்பதையும் விடக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஒப்பந்தத்துக்குப் பிறகு வரும் முதல் புதிய அட்டவணை. கூட்டிக் கொடுத்த பணத்தைத் திரும்ப எடுக்க மிக எளிதான வழி சுற்று நேரத்தைச் சுருக்குவதுதான், அதற்குப் பேச்சுவார்த்தை எதுவும் தேவையில்லை, ஒரு தாள் ஒட்டினால் போதும். புதிய அட்டவணை ஒட்டப்பட்ட வாரத்தில் அதே கடைசி நிறுத்தத்துக்கு அதே நோட்டோடு போய், அதே நான்கு பத்தியில் இருபது ட்ரிப்பை மறுபடி எழுதுங்கள். பழைய தாளையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.